குற்றால மலைகள்: ஒரு கணவாயும் அதன் இரு பக்கங்களும்

குற்றால மலைகள் என்பவை தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த மலைகள் ஆகும். அருவிகளுக்காகப் பெரிதும் அறியப்பட்ட இப்பகுதி, உலகிலேயே தாவர வளம் மிகுந்த மழைக்காடுகளுள் ஒன்றான அகத்தியமலைக் காட்டின் வடகிழக்கு வாசலும் ஆகும். காணிகள், பளியர், மலைப்பண்டாரம் ஆகிய பழங்குடிகளின் வாழிடங்கள் இம்மலைகளிலும் இவற்றைத் தொடர்ந்த மலைகளிலும் உள்ளன.

தென்காசியில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு மலை ஒரே நீளச் சுவராகத் தோன்றும். உண்மையில் அது இரண்டு தொகுதிகள். செங்கோட்டைக்கு மேற்கே மலைமுகடு சட்டெனத் தாழ்ந்து ஓர் இடைவெளியை விடுகிறது. இதுவே செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுக் கணவாய் என்றும் கூறுவர். கணவாய்க்கு வடக்கே சிவகிரி மலைகளும் பெரியாற்றுக் காடுகளும் உள்ளன. தெற்கே குற்றாலத்தின் திரிகூடமலையில் தொடங்கி, 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை எனும் அகத்தியர்கூடம் வழியாக மகேந்திரகிரி வரை மற்றொரு தொகுதி நீள்கிறது. இப்பகுதியின் மழை, காற்று, பறவை, வணிகம், தெய்வம் ஆகிய எதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாலும் இந்த இடைவெளியில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

கணவாயின் பிறப்பு

இவ்விடைவெளியை ஆறு மட்டும் அறுத்து உண்டாக்கவில்லை. இங்கே நிலத்தின் அடியில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒரு பழைய பிளவு மண்டலம் ஓடுகிறது. புவியியலாளர்கள் இதனை அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம் என்கின்றனர். அதன் வடக்கே உள்ள பாறைத்தொகுதி மதுரைத் தொகுதி எனவும், தெற்கே உள்ளது திருவனந்தபுரம் தொகுதி எனவும் வகுக்கப்படுகின்றன. பாறைகள் நொறுங்கி நெகிழ்ந்த இடத்தில் மழையும் ஆறும் எளிதாக அரித்துச் செல்லும் என்பதால் மலை அங்கே தாழ்ந்து போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் ஒட்டியிருந்த காலத்தில் இப்பிளவின் தொடர்ச்சி மடகாஸ்கரில் இருந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்குள்ள ரானோட்சாரா மண்டலத்தை இதற்கு இணையாகக் காட்டுகின்றனர்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய கணவாய் பாலக்காட்டுக் கணவாய். அது சுமார் 30 கி.மீ. அகலம் கொண்டது. செங்கோட்டைக் கணவாய் அதைவிட மிகக் குறுகலானது. ஆயினும் அதன் விளைவுகள் அகலத்தின் அளவுக்குச் சிறியவை அல்ல.

சாரல் எப்படி வருகிறது

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் கேரளப் பக்கத்தில் மோதுகிறது. மேலெழும்பிக் குளிர்ந்த காற்று தன் நீரில் பெரும்பகுதியை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதி. தென்காசிக்குக் கிழக்கே செல்லச்செல்லப் பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட நிலமாக மாறுவது இதனால்தான். ஆனால் முகட்டைத் தாண்டியும் கணவாயின் வழியாகவும் ஓரளவு மேகம் இந்தப் பக்கம் வழிந்துவிடுகிறது. அது பெருமழையாகப் பெய்வதில்லை. வெயிலும் காற்றுமாகக் கலந்து, துணி நனையாமல் உடல் நனைவது போன்ற மெல்லிய தூற்றலாக விழுகிறது. அதையே சாரல் என்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இக்காலத்தைக் குற்றாலத்தார் 'சீசன்' என்ற ஒரே சொல்லால் குறிப்பர்.

கணவாய் வழியே பாயும் காற்றின் வேகத்தைத் தென்காசிக்கும் கயத்தாறுக்கும் இடைப்பட்ட சமவெளியில் காணலாம். தமிழ்நாட்டில் காற்றாலைகள் நெருக்கமாக அமைந்த இடங்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வாய்களில்தான் உள்ளன.

அருவிகளில் விழுவது ஊரில் பெய்யும் நீர் அன்று. திரிகூடமலையின் மேற்பகுதியில், காட்டுக்குள் பெய்த மழையே சிற்றாறாகத் திரண்டு தேனருவி, செண்பகாதேவி அருவி ஆகியவற்றைக் கடந்து சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து பேரருவியாக இறங்குகிறது. நேராகத் தலையில் விழுந்தால் எவரும் நிற்க முடியாது. நடுவழியில் பாறையில் குடைந்துள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்குழியில் நீர் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே வருகிறது. ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி முதலியவை அருகிலுள்ள வேறு ஓடைகளின் அருவிகள். சிற்றாறு பின்னர் சமவெளியில் பல குளங்களை நிரப்பிச் சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது.

நீர் மேலே பெய்து கீழே விழுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடிவாரத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே மலைமேல் கனமழை பெய்யலாம். அந்த வெள்ளம் சில நிமிடங்களில் அருவியை வந்தடையும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அது பருவமழைக் காலம்கூட அன்று, கோடை மழைக்காலம். அருவியின் நிறம் கலங்குவதும், இலைச்சருகும் குச்சிகளும் மிதந்து வருவதும் வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றைச் சுற்றுலாக் கையேடுகள் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம்.

காடு

தெற்கே செல்லச்செல்ல மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை மாதங்களின் எண்ணிக்கை கூடுகிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த சில வாரங்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. இடையில் கோடை மழையும் உண்டு. வறண்ட மாதங்கள் குறைவாக இருப்பதால் பொதிகையின் காடு ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. இங்கு 2,254 உயர்தாவர இனங்கள் இருப்பதாகவும், அவற்றுள் சுமார் 400 இனங்கள் இப்பகுதிக்கே உரியவை என்றும் யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. ஏலம், மிளகு, சாதிக்காய், வாழை, நாவல் முதலிய பயிர்களின் காட்டு உறவினங்கள் இங்கு உள்ளன என்பதும் இம்மலையின் முக்கியத்துவத்துக்குக் காரணம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அறிவிக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது.

நடுத்தர உயரங்களில் இக்காட்டின் அடையாள மரம் வெடிப்பலா. இதன் பூக்கள் இலைநுனியில் பூக்காமல், கிளைகளிலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிப் பூக்கும். முள் நிறைந்த காயைப் பார்த்தால் துரியன் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்த உறவினர்கள்தாம். ஆனால் வெடிப்பலாவின் விதையைச் சுற்றித் துரியனில் உள்ளது போன்ற சதை கிடையாது. சீசனில் குற்றாலம் கடைத்தெருவில் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களுடன் துரியனும் விற்கப்படுகிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அந்தப் பழத்தை வாங்கிச் செல்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் காட்டு உறவினம் தலைக்குமேல் உள்ள மலையிலேயே நிற்பது தெரியும் என்பது ஐயமே. வெடிப்பலாவின் பூவும் விதையும் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கின் முக்கிய உணவு. அடர்காட்டு மரமுடிகளை விட்டு அரிதாகவே கீழிறங்கும் இக்குரங்குக்காகவே 1976இல் களக்காடு சரணாலயம் அமைக்கப்பட்டது. 1988இல் அது முண்டந்துறைச் சரணாலயத்துடன் இணைந்து களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. அருவிக்கரையில் பொரிகடலை பறிக்கும் குரங்குகள் வேறு. அவை சாதாரண நாட்டுக் குரங்குகள்.

முகடுகளில் மரங்கள் குட்டையாகி, பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக நிலம் மாறும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இப்புல்வெளிகளின் செங்குத்துப் பாறைகளில் வாழ்கிறது. உலகில் வரையாடு வாழும் தென்கோடி எல்லை இம்மலைத்தொகுதியே.

குற்றாலத்தின் தாவர வளத்தை ஐரோப்பியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டனர். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் முதலியவற்றை வளர்த்துப் பார்த்தது. 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இம்மலைகளில் ஏராளமான செடிகளைச் சேகரித்தார். அவருடைய நூல்களில் உள்ள படங்களை ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் வரைந்தனர். தாவரங்களின் அறிவியல் பெயர்களில் வைட்டின் பெயர் இன்றும் வாழ்கிறது. காட்டுக்குள் அவருக்கு வழி காட்டியவர்களின் பெயர்கள் எந்தச் செடிக்கும் சூட்டப்படவில்லை.

கணவாய் பிரித்த பறவைகள்

சோலைகளின் தரையோரத்தில், புதர்நிழலில் தத்தித் திரியும் சிறிய நீலநிறப் பறவை ஒன்று உண்டு. சோலைக்கிளி என்பது பெயர். ஆனால் கிளி இனம் அன்று. குளிர்ந்த உயர்மலைச் சோலையை விட்டு அது வெப்பமான பள்ளத்தாக்கில் இறங்காது. ஆகவே அதற்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனமும் தெற்கே மற்றோர் இனமும் இருப்பதாகவே நீண்ட காலம் கருதப்பட்டது. மரபணு, குரல், இறகின் நிறம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த இந்திய ஆய்வாளர் குழு, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வது மூன்றாவது தனி இனம் என்று 2017இல் அறிவித்தது. இம்மலைத்தொகுதியின் மற்றொரு பெயரான அசம்பு மலையின் பெயரால் அது அசம்புச் சோலைக்கிளி எனப்படுகிறது. இப்பறவையின் உலகம் முழுவதும் கணவாய்க்குத் தெற்கேயுள்ள சில மலைமுகடுகளுக்குள் அடங்கிவிடும். சிரிப்பான் என்ற பறவையிலும் இதே நிலை: கணவாய்க்கு வடக்கே பழனிச் சிரிப்பான், தெற்கே அசம்புச் சிரிப்பான்.

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய ஓர் இடைவெளி, பறக்கத் தெரிந்த உயிரையே பல லட்சம் ஆண்டுகள் பிரித்து வைத்திருக்கிறது. காலநிலை வெப்பமாகும்போது இவ்வுயிர்கள் இன்னும் உயரே ஏறிச் செல்ல வேண்டும். முகட்டில் வாழும் உயிருக்கு அதற்கு மேல் மலை இல்லை.

காணிகள்

மனிதர்களைப் பொறுத்தவரை மலை அவ்வாறு பிரிக்கவில்லை. பொதிகையின் இரு சரிவுகளிலும் வாழும் காணிகள் (காணிக்காரர்) இன்று இரண்டு மாநிலங்களில் உள்ளனர். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைப்பகுதியிலும், தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அவர்களது குடியிருப்புகள் இருக்கின்றன. பாபநாசம் மேலணையை ஒட்டிய மயிலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலாறு ஆகியவை எளிதில் செல்லக்கூடியவை. இஞ்சிக்குழி அணைநீருக்கு அப்பால் காட்டின் உட்பகுதியில் உள்ளது. மரவள்ளி, வாழை, மிளகு ஆகியவை அவர்களது முக்கியப் பயிர்கள். தேனும் கிழங்கும் காட்டிலிருந்து கிடைப்பவை.

ஊர்த்தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். நோய்க்கு மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. இரவு முழுவதும் நீளும் சாற்றுப்பாட்டின் மூலம் அவர் நோயாளியைக் குணப்படுத்த முனைவார். பாட்டுக்குத் துணையாகக் கொக்கரை ஒலிக்கும். இது பக்கத்தில் பற்கள் வெட்டப்பட்ட இரும்புக்குழல், சிறு இரும்புக் கம்பியால் உரசி இசைப்பர். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். சமவெளியில் 1956இல் மொழிவாரியாகக் கோடு போடப்பட்டபோது இவர்களது பேச்சு எந்தப் பக்கம் என்று எவரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஒரு செடியின் கதை

காணிகளைப் பற்றி உலகெங்கும் பேசவைத்தது ஆரோக்கியப்பச்சை என்னும் சிறிய தரைச்செடி. 1987 டிசம்பரில் பழங்குடிகளின் தாவர அறிவை ஆராயும் குழு ஒன்று கேரளப் பக்கமிருந்து மலையேறியது. ஆய்வாளர்கள் மூச்சு வாங்கிக் களைத்துப்போக, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் சோர்வின்றி நடந்தனர். இடையிடையே அவர்கள் ஏதோ ஒரு காயை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்ததைக் குழுவினர் கவனித்தனர். அது என்ன என்று கேட்டபோது காணிகள் உடனே சொல்லிவிடவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத அறிவு அது. உறுதிமொழி பெற்ற பின்னரே செடியைக் காட்டினர்.

பாலோடு என்னும் இடத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் செடியைச் சோதித்தது. காயில் மட்டுமின்றி இலையிலும் சோர்வு நீக்கும் பொருட்கள் இருப்பது தெரிந்தது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றுடன் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. 1995இல் அதனைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுகளுக்கு, 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காடு பங்குக்கும் வழங்கப்பட்டது. இதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. பணத்தைப் பெறுவதற்காக 1997இல் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

பழங்குடி அறிவுக்கு விலை கொடுத்த முதல் முன்மாதிரிகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் 2002இலும், பயன்பகிர்வு பற்றிய நகோயா உடன்படிக்கை 2010இலும் வந்தன. அவற்றுக்கெல்லாம் முந்தியது இந்த ஏற்பாடு. அது நியாயமான பெருமைதான். ஆனாலும் கதையின் மற்றப் பகுதிகளையும் மாணவர்கள் அறிய வேண்டும். உரிம ஒப்பந்தம் பேசப்பட்டபோது காணிகள் மேசையில் இல்லை. அறக்கட்டளையே ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்தது. செடி இயற்கை வாழிடத்துக்கு வெளியே வளர்க்கப்பட்டால் மருத்துவக் குணம் குறைகிறது என்பதால் காணிகளைக் கொண்டே பயிரிடத் திட்டமிட்டனர். காட்டுநிலத்தில் அதற்கு வனத்துறையின் இசைவு கிடைப்பது பெரும் சிக்கலாயிற்று. செடியின் மதிப்பு வெளியே தெரிந்ததும் வெளியாட்கள் அதனைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கத் தொடங்கினர். மேலும், அறக்கட்டளையின் பெயரிலேயே ஒரு மாநிலத்தின் பெயர் இருந்தது. அதே பொதிகையின் கிழக்குச் சரிவில் வாழும் காணிகள் தமிழ்நாட்டுக் குடிமக்கள்.

பளியரும் மலைப்பண்டாரமும்

கணவாய்க்கு வடக்கே, வாசுதேவநல்லூருக்கு மேற்கேயுள்ள தலையணை முதல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரங்கள் வரை பளியர் குடியிருப்புகள் காணப்படுகின்றன. பளியர் தமிழின் ஒரு வட்டார வடிவத்தைப் பேசுகின்றனர். கிழங்கு அகழ்தலும் தேன் எடுத்தலும் மரபுத் தொழில்கள். 1960களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பளியரின் சமத்துவ உணர்வையும் சண்டையைத் தவிர்க்கும் பழக்கத்தையும் விரிவாகப் பதிவு செய்தார். பிணக்கு வந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிச் சென்றுவிடுவது அவர்கள் வழி. சமவெளியின் கண்ணுக்கு இது கோழைத்தனமாகத் தெரியலாம். ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தக் கூடாது என்பதை அடிப்படை அறமாகக் கொண்ட சமூகத்துக்கு அதுவே முறை.

அச்சன்கோவில் காடுகளில் வாழும் மலைப்பண்டாரங்களைப் பற்றி பிரையன் மாரிஸ் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. அவர்களைக் 'காட்டு வணிகர்' என்றே அவர் அழைத்தார். வேட்டை, கிழங்கு சேகரிப்பு ஆகியவற்றால் வாழ்ந்தாலும் அவர்கள் வெளியுலகத் தொடர்பற்றவர்கள் அல்லர். தேன், குங்கிலியம், ஏலம் முதலியவற்றைக் கொடுத்து அரிசியும் துணியும் இரும்பும் பெற்றுக்கொண்ட நீண்ட வரலாறு அவர்களுக்கு உண்டு. கோவிலில் எரிந்த குங்கிலியமும் சித்த மருத்துவர் பயன்படுத்திய மலைத்தேனும் இவர்களைப் போன்றோர் கையால் இறங்கி வந்தவையே. 'நாகரிகம் தீண்டாத ஆதிவாசி' என்று எழுதும் பயணக்கட்டுரைகள் இந்த வணிகத்தை மறந்துவிடுகின்றன.

மலைமேல் வாழ்ந்தோர் பட்டியல் பழங்குடிகளோடு முடிவதில்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற காட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. சமவெளியிலிருந்து சென்ற தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தனர். 2024இல் நிறுவனம் தோட்டப் பணிகளை நிறுத்தியபோது, காப்பகத்துக்குள் இருந்த அவர்களின் வீடு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காடுவாழ் பழங்குடிகளுக்கு நிலத்திலும் சிறு வனப்பொருட்களிலும் உரிமை அளிக்கிறது. பிற சமூகத்தார் மூன்று தலைமுறைக் காலம் காட்டை நம்பி வாழ்ந்ததை நிறுவ வேண்டும். கூலிக்குக் கொழுந்து பறித்தவர்களின் நிலை அச்சட்டத்தில் தெளிவாக அடங்குவதில்லை.

இலக்கியத்தில் மலைமக்கள்

சங்க காலத்தில் பொதியில் மலைக்குத் தலைவன் ஆய் அண்டிரன்; கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியை அவன் ஊராகக் கருதுவர். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலாசிரியர் தாலமி குறிப்பிடும் 'பெட்டிகோ' மலை பொதிகையே என்பது பல அறிஞர்களின் முடிவு. தமிழுக்கு இலக்கணம் தந்த அகத்தியர் இங்கு வாழ்கிறார் என்ற நம்பிக்கை தமிழர் அனைவரும் அறிந்தது.

குற்றாலத்துக்கு நிலையான இலக்கியப் புகழ் தந்தது 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி. அருவி, குரங்கு, தேன், மூலிகை ஆகியவற்றைக் குறத்தி வாயால் கேட்ட தமிழர்கள் குற்றால மலையையே அந்நூல் வழியாகப் பார்க்கப் பழகிவிட்டனர். ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். மலைவளம் கூறுதல் குறவஞ்சி வகை நூல்கள் பலவற்றுக்கும் பொதுவான உறுப்பு. ஊர் ஊராகச் சென்று குறி சொல்லும் அக்குறத்தி, சமவெளிக் கவிஞர் மலைமேல் ஏற்றிவைத்த பாத்திரம். இதே மலைத்தொடரில் வாழ்ந்த காணியும் பளியரும் வேறு மொழிநடை, வேறு தெய்வம், வேறு வாழ்க்கை உடையவர்கள். குறவஞ்சியை இலக்கியமாகச் சுவைப்பதில் தடையில்லை. அதனை மலைவாழ் மக்களின் வரலாற்றுச் சான்றாகக் கொள்வதே தவறு. மலைமக்களைப் பற்றிச் சமவெளி எவ்வாறு கனவு கண்டது என்பதற்கு அது முதல்தரச் சான்று.

கணவாய் சேர்த்த தெய்வங்கள்

இப்பகுதியின் மலைத்தெய்வம் சாஸ்தா. கணவாயைச் சுற்றியே மூன்று புகழ்பெற்ற சாஸ்தா கோவில்கள் அமைந்துள்ளன. குளத்துப்புழையில் அவர் பாலகன், ஆரியங்காவில் இளைஞர், அச்சன்கோவிலில் பூரணை, புஷ்கலையுடன் இல்லறத்தார். மூன்றும் இன்று கேரளத்தில் உள்ளன. ஆயினும் அவற்றை நாடிச் செல்வோரில் பெருந்தொகையினர் தமிழர். மதுரைச் சௌராஷ்டிரர்கள் ஆரியங்காவுத் தேவனுக்குத் தங்கள் குலப்பெண்ணை மணமுடித்துக் கொடுத்ததாகக் கொண்டு, மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் பெண்வீட்டாராகச் செல்கின்றனர். அச்சன்கோவில் மார்கழித் திருவிழாவுக்கான ஆபரணப்பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு செங்கோட்டை, தென்காசி வழியாக வருகிறது. தென்காசியில் மக்கள் கூடி வரவேற்கின்றனர். கேரளக் கோவிலின் நகைகள் கேரளத்திலிருந்தே இன்னொரு கேரள ஊருக்குச் செல்லத் தமிழ்நாட்டைக் கடப்பது, மாநில எல்லைக்கு முந்திய பாதை இன்னும் உயிரோடிருப்பதன் அடையாளம்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்தது. மொழிவாரிப் பிரிவின்போது கிழக்கே உள்ள சமவெளி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு உள்ளிட்ட மேற்கு மலைப்பகுதி கேரளத்தில் நின்றது.

தமிழ்நாட்டுப் பக்கம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் இதே மரபைச் சேர்ந்தது. தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு சாஸ்தா குலதெய்வமாக உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கிருந்தாலும் அங்கு சென்று பொங்கலிட வேண்டும். சொரிமுத்து அய்யனாரின் பெருவிழா ஆடி அமாவாசை. கோவில் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் கூட்டம், பிளாஸ்டிக், வாகனம் ஆகியவற்றுக்கு வனத்துறை கட்டுப்பாடு விதிக்கிறது, பக்தர்கள் முறையிடுகின்றனர். இங்கே இரு தரப்பும் காட்டைப் புனிதமாகவே கருதுகின்றன. ஒரு தரப்புக்கு அது சென்று தங்க வேண்டிய இடம், மற்றதற்கு விட்டுவைக்க வேண்டிய இடம்.

சாலையும் யானையும்

திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் ரயில்பாதை 1904இல் இக்கணவாய் வழியே திறக்கப்பட்டது. கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதிமூன்று கண் பாலம் அக்காலக் கட்டுமானத்தின் சின்னம். மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் போக்குவரத்து தொடங்கியது. இணையாகச் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புளியரைச் சோதனைச்சாவடி வழியாகக் காய்கறி, சிமெண்டு, கல், எம்-சாண்டு ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் மேற்கே செல்கின்றன.

சோலைக்கிளிக்குக் கணவாய் எப்போதும் தடை. யானைக்கு அப்படி இல்லை; பெரியாற்றுக் காட்டுக்கும் அகத்தியமலைக்கும் இடையே அது நடந்து செல்லும் வழி இது ஒன்றுதான். மனிதருக்குப் போக்குவரத்து எளிதாகும் ஒவ்வொரு முறையும் அந்த வழி நெருங்கிக் குறுகுகிறது. 2022இல் 1,197 சதுர கி.மீ. பரப்பில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தெற்குத் தொகுதியின் யானைகள் வடக்கோடு கலக்க முடியாமல் போனால், காப்பகத்துக்குள் பாதுகாப்பாக இருந்தும் அவை சிறிய, தனித்த கூட்டமாகிவிடும். இதற்குத் தீர்வு காப்பகத்துக்குள் கிடைக்காது. அதற்கு வெளியே, சாலையும் தண்டவாளமும் செல்லும் சில கிலோமீட்டரில் இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதிலும், மேம்பாலம் அல்லது சுரங்கவழி அமைத்து யானைக்கு வழிவிடுவதிலும் இருக்கிறது. அந்தச் சில கிலோமீட்டரில் பெரும்பகுதி ஒரு மாநிலத்திலும், அதற்கு வரும் லாரிகளில் பாதி மற்றொரு மாநிலத்திலும் இருப்பதால் இரு அரசுகளும் சேர்ந்தே இதைச் செய்ய முடியும்.

மலையடிவாரத்தில் இதன் மறுபக்கம் தெரிகிறது. மேக்கரை, வடகரை, பண்பொழிப் பகுதிகளில் தென்னையும் வாழையும் நெல்லும் காட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கின்றன. நெல் பால்பிடிக்கும் நாட்களிலும் வாழை குலைதள்ளும் நாட்களிலும் யானைகள் இறங்கி வருகின்றன. ஒரு தென்னை காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அது சாய ஓரிரவு போதும். இழப்பீடு கிடைத்தாலும் அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. அடவிநயினார் அணையை ஒட்டிய தோப்புகளில் விவசாயிகள் டார்ச் விளக்கும் பட்டாசுமாக இரவு முழுவதும் விழித்திருக்கின்றனர்.